மதிய விருந்தில் மறுத்துப் பேசியவர்

ஓர் ஆள் சாப்பிட்டுக்கொண்டே பேசிய பேச்சைப் படிப்பதுதான் மூன்று வருஷமாக என் உத்தியோகம். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நாயை எப்படி வளர்ப்பது, இறைச்சி ஏன் கூடாது, ரோமாபுரி எதனால் விழுந்தது, பெண்கள் உதட்டுக்குச் சாயம் பூசலாமா என்று அந்த ஆள் விட்டுவைத்த விஷயமே கிடையாது. வெளியே ஜனங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்த நேரத்தில், கிழக்குப் பிரஷ்யக் காட்டுக்குள் கான்கிரீட் கூரையின் கீழ் உட்கார்ந்து, எங்கள் நாட்டை ஆண்ட சர்வாதிகாரி மதியச் சாப்பாட்டோடு இதையெல்லாம் பேசினான். அவன் பெயரை ஆபீஸில் எழுதுவதே போதும். வீட்டில் அம்மா "அந்த ஆள்" என்றுதான் சொல்வாள். நானும் அப்படியே சொல்கிறேன்.

ஆபீஸ் மியூனிக்கில், ட்ராம் திரும்பும் முனையில் இருக்கிறது. அந்தச் சாப்பாட்டு மேஜைப் பேச்சுகளின் குறிப்புகளை வரிசைப்படுத்தி, அடிக்குறிப்பு போட்டு, புத்தகமாகக் கொண்டுவருவது எங்கள் வேலை. என் மேலதிகாரி டாக்டர் ரீடிங்கர். எந்நேரமும் வாயில் பெப்பர்மின்ட் அடக்கிக்கொண்டு, எதையும் நம்பாத முகத்தோடு இருப்பார். நான் உதவிப் பதிப்பாளர். உதவி என்பது பட்டத்தில் மட்டும்தான். தூசியெல்லாம் என் மூக்கில்தான் போகிறது.

குறிப்பு எடுத்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். தலைவர் வாயிலிருந்து விழும் ஒவ்வொரு முத்தையும் பிற்காலத்துக்குச் சேர்த்துவைக்க வேண்டும் என்று கட்சி ஆபீஸின் தலைமை அதிகாரி ஒருவருக்கு ஆசை. அதற்காக லாஹ்னர் என்கிற இளம் வக்கீல் ஒருவரை மேஜைக் கோடியில் உட்கார வைத்தார்கள். எழுதுவது அந்த ஆள் கண்ணில் படக்கூடாது. ஆகவே லாஹ்னர் மேஜை விரிப்புக்குக் கீழே மடியில் ஓர் அட்டையை வைத்துக்கொண்டு, நாலு வார்த்தை கிறுக்குவார். சாப்பாடு முடிந்ததும் ஓடிப்போய், ஞாபகம் இருக்கும்போதே டைப்பிஸ்டிடம் சொல்லித் தட்டச்சு செய்யவைத்துவிடுவார். அப்புறம் தலைமை அதிகாரி வந்து தன் இஷ்டத்துக்குத் திருத்துவார். இதைத்தான் நாங்கள் "மூல ஆவணம்" என்று பயபக்தியோடு கையுறை போட்டுத் தொடுகிறோம்.

இதில் இன்னொரு கூத்து. அந்த ஆள் பேசியது மட்டும்தான் குறிப்பில் வரும். எதிரே இருந்தவர் கேள்வி கேட்டாலும் வராது, தும்மினாலும் வராது, அழுதாலும் வராது. விருந்தினர்களின் பெயர்கள் மட்டும் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்கிற வரைபடத்தில் இருக்கும். பக்கத்து அறையில் ஒருவர் டெலிபோனில் பேசுவதைக் கேட்பதுபோலத்தான் இந்தக் குறிப்புகளைப் படிப்பது. பதில் கேட்கும், கேள்வி கேட்காது. எத்தனையோ நாள் அந்தத் தாள்களைப் பார்த்து, "அட, எதிரே இருந்தவன் என்ன சொன்னான்னு ஒரு வரி எழுதித் தொலைச்சா என்னய்யா" என்று வாய்விட்டே திட்டியிருக்கிறேன்.

என் கோபத்துக்குச் சொந்தக் காரணமும் உண்டு. அந்த மேஜையில் ஒருநாள் என் அப்பாவும் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அப்பா பெயர் கெப்ஹார்ட் அம்மர்லிங். விவசாயத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். கிழக்கே பிடித்த நிலங்களில் எவ்வளவு கோதுமை விளையும், அதில் எவ்வளவு நம் ராணுவத்துக்கு வரும் என்று கணக்குப் போடும் இலாகாவில் அதிகாரியாக இருந்தார். நாற்பத்திரண்டாம் வருஷம் மார்ச் மாதம் அவருக்கு அந்த விருந்துக்கு அழைப்பு வந்தது. அடுத்த குளிர்காலத்தில் போர்முனையில் செத்துப்போனார். நடுவில் நடந்ததை அம்மா எனக்குச் சொல்லித்தான் வளர்த்தாள். "கோதுமையெல்லாம் நாம எடுத்துக்கிட்டா அங்க இருக்கிற ஜனங்க பட்டினியில சாவாங்கன்னு உங்கப்பா அந்த ஆள் மூஞ்சிக்கு நேரா சொன்னார்டி. அந்தக் கடுப்புலதான் அவரைப் போர்முனைக்கு அனுப்பிட்டாங்க."

போருக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்புப் பெண்கள் யாரும் அப்பாவைப் பற்றிப் பேசமாட்டார்கள். பேச்சை மாற்றுவார்கள், ஜன்னலைப் பார்ப்பார்கள். நான் ஒருத்தி மட்டும் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்பா இல்லை, ஆனால் அப்பாவைப் பற்றி வெட்கப்பட ஒன்றும் இல்லை. அந்தப் பெருமையில்தான் நான் வளர்ந்தேன். சரித்திரம் படித்ததும், இந்த ஆபீஸில் வந்து விழுந்ததும் அதனால்தான்.

அந்த மார்ச் மாதத் தாள் போன மாதம் என் மேஜைக்கு வந்தது. வரைபடத்தில் ஆறு விருந்தினர்கள். அப்பா பெயர் அந்த ஆளுக்கு நேர் எதிரே இருந்தது. தாளின் முதல் பாதி முழுக்க நாய் புராணம். பிறகு பத்தி மாறி, எந்தச் சம்பந்தமும் இல்லாமல் இப்படித் தொடங்குகிறது: "இல்லை. அந்த ஜனங்கள் பட்டினி கிடப்பார்கள் என்பதெல்லாம் ஒரு மறுப்பே அல்ல. கோதுமை நமக்கு வேண்டும். அவர்கள் எதைத் தின்பார்கள் என்பது அவர்கள் பாடு."

'இல்லை' என்று ஆரம்பித்தால், அதற்கு முன்னால் யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். மேஜையில் கோதுமை தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். தாளைத் தூக்கிக்கொண்டு ரீடிங்கரிடம் ஓடினேன். இங்கே அடிக்குறிப்பு போட வேண்டும், மறுத்துப் பேசியவர் டாக்டர் கெப்ஹார்ட் அம்மர்லிங் என்று பெயர் போட வேண்டும் என்றேன்.

அவர் பெப்பர்மின்டை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். "ஆதாரம்?"

"எங்கம்மா."

"உங்கம்மா அந்த மேஜையில சாப்பிட்டாங்களா?"

"அப்பா வீட்டுக்கு வந்து சொன்னதைக் கேட்டவங்க."

"ஃப்ரௌலைன் அம்மர்லிங், செத்துப்போன புருஷன் கோழைன்னு எந்த ஊர்லயாவது எந்தப் பொண்டாட்டியாவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? அங்க இருந்த ஒருத்தர் வாயால வேணும். அச்சகத்துக்கு இந்த மாசக் கடைசியில தாள் போகணும். அதுக்குள்ள கொண்டாங்க, பேரைப் போடறேன். இல்லைன்னா 'யாரென்று தெரியவில்லை'ன்னுதான் போகும்."

பேச்சிலே நியாயம் இருந்தது, அதனால்தான் இன்னும் கோபம் வந்தது.

அந்த மேஜையில் இருந்தவர்களில் உயிரோடு இருப்பவர் லாஹ்னர் ஒருவர்தான். ரோஸன்ஹைமில் வக்கீல் தொழில் செய்கிறார். கிளம்பிப் போனேன். பெரிய வயிறு, சிவந்த கன்னம், சட்டைப் பையில் சுருட்டு. என் பெயரைக் கேட்டதுமே எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மர்லிங்கோட பொண்ணா? அடடே, உட்காருங்க. நெத்தி அப்படியே அப்பாதான். உங்கம்மா சௌக்கியமா? முட்டி வலின்னு சொல்லிட்டிருந்தாங்களே."

அம்மாவை இவருக்கு எப்படித் தெரியும் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. தாளை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முகம் மலர்ந்தது.

"ஞாபகம் இல்லாம என்ன. உங்கப்பாதான். வேற யாருக்கு அந்தத் தைரியம் வரும்? கரண்டியைக் கீழ வெச்சார். 'அந்த ஜனங்க என்ன செய்வாங்க, தலைவரே'ன்னு கேட்டார். மேஜையே கப்சிப். எனக்கு மடியில இருந்த அட்டை நழுவிடுச்சுன்னா பாத்துக்கங்க."

"அதை ஏன் குறிப்புல எழுதலை?"

"எழுதினா என் தலை போயிருக்கும். அவர் பேசறது மட்டும்தான் எழுதணும். அதுதான் உத்தரவு."

அப்புறம் நான் கேட்பதற்கு முன்பே டைப்பிஸ்டைக் கூப்பிட்டு, தங்குதடை இல்லாமல் சொல்ல ஆரம்பித்தார். "கீழே கையொப்பமிட்டிருக்கும் நான் உறுதி கூறுவதாவது" என்று தொடங்கி, "தன் உயிருக்கு அஞ்சாமல்", "கரண்டியைக் கீழே வைத்துவிட்டு", "ஆரம்பம் முதலே மனத்தளவில் எதிர்ப்பாளராக இருந்த" என்று வார்த்தைகள் வரிசைகட்டி வந்தன. அதில் ஏதோ எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. ரயிலில் திரும்பும்போது அந்தக் காகிதத்தை எடுத்து எடுத்துப் படித்தேன். அழுகை வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி கைக்குட்டை கொடுத்தாள், வாங்கிக்கொண்டேன்.

ஊருக்குப் போய் அம்மாவிடம் காட்டினேன். அம்மா கண்ணாடி போடாமலே காகிதத்தைத் தடவிப் பார்த்தாள்.

"புத்தகத்துல பேர் வருமா?"

"வரும்மா."

"பெரிய எழுத்துலயா, சின்ன எழுத்துலயா?"

"அடிக்குறிப்பு சின்ன எழுத்துலதான் வரும்."

"சின்ன எழுத்துன்னாலும் பரவாயில்லை. எனக்குக் கண்ணு போறதுக்குள்ள வந்துடணும்."

அந்த சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஒருநாள் காலை ரீடிங்கர் என்னைக் கூப்பிட்டு, என் காகிதத்துக்குப் பக்கத்தில் இன்னொரு காகிதத்தை வைத்தார். அதே வக்கீல், அதே கையெழுத்து, அதே முத்திரை. "தன் உயிருக்கு அஞ்சாமல், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு" மறுத்துப் பேசியவர் மேஜர் ஹாக்கன்பெர்க் என்று அதில் இருந்தது. அதே மார்ச் மாதம், அதே மதியம், அதே கோதுமை. ஹாக்கன்பெர்க் என்பவர் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலி. அவருடைய மகன் ஆக்ஸ்பர்கில் மருந்துக்கடை வைத்திருக்கிறான்; புத்தகம் வரப்போகிறது என்று பத்திரிகையில் பார்த்துவிட்டுத் தன் அப்பாவின் பெயரையும் சேர்க்கச் சொல்லி அனுப்பியிருந்தான்.

"ரெண்டு பேரும் சேர்ந்து வெச்சிருப்பாங்களோ கரண்டியை?" என்றார் ரீடிங்கர். "இன்னும் நாலு குடும்பத்துலேர்ந்து காகிதம் பாக்கி. அத்தனை பேரும் எதிர்த்துப் பேசியிருந்தா அந்த ஆளுக்கு அன்னிக்கு சூப் தொண்டையில இறங்கியிருக்காது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போதுதான் அந்தக் காகிதத்தின் நடை எனக்கு எங்கே பழக்கம் என்று உறைத்தது. போர் முடிந்ததும் கட்சிக்காரர்களை விசாரிக்க ஊருக்கு ஊர் மன்றங்கள் உட்கார்ந்தனவே, அப்போது கட்சியில் இருந்தவன் ஒவ்வொருவனும் பாதிரியாரிடமும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஓடி ஓடி, "இவர் ஆரம்பம் முதலே மனத்தளவில் எதிர்ப்பாளர்" என்று எழுதி வாங்கினான். அழுக்குப் போகத் துவைத்துக் கொடுப்பதால் அதற்குச் சலவைச் சீட்டு என்று ஊரே பெயர் வைத்திருந்தது. நீ எனக்கு ஒன்று, நான் உனக்கு ஒன்று. நான் சரித்திர ஆதாரம் என்று மடியில் வைத்து அழுதது ஒரு சலவைச் சீட்டு.

அன்றே மறுபடி ரோஸன்ஹைமுக்கு ரயில் ஏறினேன். லாஹ்னர் இந்தத் தடவை எழுந்து நிற்கவில்லை. இரண்டு காகிதங்களையும் மேஜைமேல் போட்டேன்.

"எது நிஜம்?"

"ரெண்டும்தான் இருக்கட்டுமே. உங்களுக்கு என்ன நஷ்டம், ஃப்ரௌலைன்? மருந்துக்கடைக்காரப் பையன் பாவம், அப்பா ஞாபகமா ஒண்ணு கேட்டான்."

"யார் பாவம்னு கேக்க நான் வரலை. அன்னிக்கு யார் மறுத்துப் பேசினாங்கன்னு கேக்கறேன். உங்க காதால கேட்டது."

அவர் சுருட்டைப் பற்றவைத்தார். பற்றவில்லை. மறுபடி முயன்றார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு பேசினார். "யாரும் பேசலை. அங்க யார் வாயைத் திறப்பா? மென்னு முழுங்குவோம், தலையாட்டுவோம். அந்த ஆளுக்கே போரடிக்கும். அதனால அவரே மறுப்புச் சொல்லிக்குவார். 'இதுக்கு ஒருத்தன் இப்படிச் சொல்லலாம்'னு ஆரம்பிப்பார், அப்புறம் 'இல்லை'ன்னு அவரே அதைப் போட்டு அடிப்பார். முதல் பாதியைத் தலைமை அதிகாரி வெட்டிடுவார். தலைவர் வாயிலேர்ந்து எதிர்க்கட்சிப் பேச்சு வரக்கூடாது பாருங்க. அந்த மேஜையில எதிர்த்துப் பேசத் தைரியம் இருந்த ஒரே ஆள் அவர்தான்."

"அப்ப கரண்டி?"

"உங்கம்மா எழுதினதுதானே அது. நாற்பத்தேழுல. விதவை பென்ஷனுக்கு மன்றத்துல காட்டணும், இப்படி இப்படி நடந்ததுன்னு சொல்லிக் கேட்டாங்க. எழுதிக் கொடுத்தேன். நல்லா இருந்துச்சு அந்த விஷயம். அப்புறம் மத்தவங்களுக்கும் அதையே போட்டேன். எழுதி எழுதி எனக்கே கண்ணுல தெரியுதுங்க, உங்கப்பா கரண்டியை வெக்கறது. பொய் சொல்றேன்னு நினைக்காதீங்க. நிஜமாவே தெரியுது."

இந்த மனுஷனை என்ன செய்வது? அடிக்கவும் முடியாது, நம்பவும் முடியாது. இப்போது சொன்னதாவது உண்மையா என்றால் அதற்கும் உத்தரவாதம் இல்லை. குறிப்பெடுத்த காலத்தில் பயந்து எழுதினார், போர் முடிந்தபின் இரக்கப்பட்டு எழுதினார். இந்தத் தலையை வைத்துக்கொண்டுதான் ஒரு தேசம் தன் சரித்திரத்தைத் தேடுகிறது. எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியாமல் வெளியே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா சமையலறையில் உருளைக்கிழங்கு மாவை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"லாஹ்னருக்கு நீதான் எழுதினியாம்மா? கரண்டி, தைரியம் எல்லாம்?"

"ஆமா. நான் சொல்லாம அவருக்கு எப்படித் தெரியும்? அதுக்கென்ன இப்ப?"

"அவரைச் சாட்சின்னு நான் ஆபீஸ்ல கொண்டுபோய் வெச்சேன். அவருக்குச் சாட்சி நீ. உனக்குச் சாட்சி யாரு? அப்பாதானே? அப்பா உன்கிட்ட அப்படித்தானே சொன்னார்?"

அம்மா உருண்டைகளைத் தட்டில் அடுக்கினாள். தண்ணீர் கொதித்து மூடி ஆடியது. அதைத் தள்ளிவைத்தாள்.

"அம்மா, எனக்குப் பொறுமை போச்சு. இந்த ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டுதான் நான் இத்தனை வருஷம் வளர்ந்திருக்கேன். அப்பா பேசினாரா இல்லையா?"

"பேசினார்," என்றாள் அம்மா.

எனக்கு மூச்சு வந்தது. அம்மா கையிலிருந்த மாவை விரல் விரலாக வழித்தாள்.

"லீவுல வந்தப்ப சொன்னார். இதே நாற்காலியில உட்கார்ந்து. கோதுமைக் கணக்கு முழுக்க அவர் பையில இருந்துதாம். அத்தனையும் எடுத்தா ஒரு ஊர் பாக்கியில்லாம சாவாங்கன்னு போட்ட கணக்கு. அதைச் சொல்லணும்னுதான் போனாராம். சொல்ல வர்றதுக்குள்ள அந்த ஆளே அந்தப் பேச்சை எடுத்துட்டானாம். 'அந்த ஜனங்க பட்டினி கிடப்பாங்கன்னு ஒருத்தன் சொல்லலாம்'னு. சொல்லிட்டு, இல்லை, அது மறுப்பே இல்லைன்னு கத்தினானாம். அப்புறம் நேரா உங்கப்பாவைப் பார்த்து, 'நம்ம கோதுமை டாக்டர் என்ன சொல்றார்'னு கேட்டானாம்."

"அப்பா என்ன சொன்னார்?"

"'ஆமாம், தலைவரே'ன்னார்."

எனக்கு உட்கார வேண்டும்போல இருந்தது. அந்த நாற்காலியில் உட்காரப் பிடிக்கவில்லை. எதிரே இருந்தவன் சொன்னதை ஒரு வரி எழுதித் தொலைத்தால் என்ன என்று மூன்று வருஷமாகத் திட்டினேனே. எழுதாமல் விட்டதால் தப்பித்தவர் என் அப்பா.

"அப்ப போர்முனைக்கு அனுப்பினாங்கன்னு சொன்னது?"

"யாரும் அனுப்பலை. அவரே மனு போட்டு வாங்கிட்டுப் போனார். நான் கால்ல விழாத குறை. குழந்தை இருக்கு, போகாதீங்கன்னேன். 'ஸென்ஸி'ன்னு என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, 'எனக்கு அந்த மேஜைக்கு இன்னொரு தடவை போகத் தெம்பில்லை'ன்னார். போயிட்டார். அங்க எதிர்த்துப் பேசியிருந்தா செத்திருப்பார். பேசாததுக்கும் செத்தார். நான் குழந்தைகிட்ட எதைடி சொல்றது? நல்லதாப் பார்த்துச் சொன்னேன்."

அம்மா குரலில் அழுகை இல்லை. கோபம்தான் இருந்தது, இருபது வருஷக் கோபம். எனக்கும் அம்மாமேல் கோபம்தான் வந்தது, அப்பாமேல் அதைவிட வந்தது. ஆனாலும் அந்த மனுஷன் இதே நாற்காலியில் உட்கார்ந்து பெண்டாட்டியிடம் இதைச் சொன்னாரே. பொய் சொல்லியிருக்கலாம். வேறு யார் இருந்தார்கள் மறுத்துச் சொல்ல?

வழக்கமான புத்தி வேலை செய்தது. "அவர் போட்ட மனு ஏதாவது இருக்காம்மா? உனக்கு எழுதினது?"

"இல்லை. நம்ம வீட்டுல சாப்பிடறப்ப யாரும் குறிப்பெடுக்கலையே."

"அப்ப இதுக்கு ஆதாரமே இல்லை."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நான் என்ன செத்தா போயிட்டேன்? அந்த ஆள் மென்னு துப்பினதையெல்லாம் ஆயிரம் பக்கத்துக்குக் கையுறை போட்டு எடுத்துவெக்கறீங்க. நாய் பத்தி, உதட்டுச் சாயம் பத்தி. என் வீட்டுக்காரர் என்கிட்ட சொன்ன ஒரே ஒரு நிஜத்துக்கு உங்க ஆபீஸ்ல ஒரு வரி இடம் கிடையாதா?"

அவள் கேட்டது சரி. ரீடிங்கர் என்ன சொன்னாலும் சொல்லட்டும், அப்பா பெயரைச் சேர்க்க முடியாவிட்டாலும் இந்த வாக்குமூலத்தைக் கோப்பிலாவது வைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் போட்டேன். பென்சிலை எடுத்தேன்.

"இப்ப சொன்னதை அப்படியே மறுபடி சொல்லும்மா. நான் எழுதிக்கறேன். மொதல்லேர்ந்து. விருந்துக்குப் போனதுலேர்ந்து."

அம்மா பென்சிலைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, சமையல் ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். காதோரத்து முடியை ஒதுக்கிவிட்டு, எனக்கு எதிரே நிமிர்ந்து உட்கார்ந்தாள். போட்டோ எடுப்பவர் முன்னால் உட்காருவதுபோல இருந்தது.

"எழுதிக்கோ," என்றாள். "என் கணவர் டாக்டர் கெப்ஹார்ட் அம்மர்லிங் ஆரம்பம் முதலே மனத்தளவில் எதிர்ப்பாளராக இருந்தார்."

"அம்மா."

"எழுதுடி. அன்று மதிய விருந்தில், தன் உயிருக்கு அஞ்சாமல், நாற்காலியிலிருந்து எழுந்து நின்று..."

நான் எழுதவில்லை. அவள் நிறுத்தவும் இல்லை. அடுப்பில் தண்ணீர் மறுபடி பொங்கி வழிந்தது, நான்தான் எழுந்துபோய் அணைத்தேன்.

திங்கட்கிழமை காலை ரீடிங்கர் அச்சகத்துக்குப் போகவேண்டிய தாளை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"மறுத்துப் பேசியவர் பேர் கிடைச்சுதா?"

"தெரியவில்லைன்னு போடுங்க," என்றேன்.